பச்சைத் தடத்தில் நின்ற லாரிகள்

1. வண்ணம் பூசிய மறுநாள்

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைச் சாலையில் மிதிவண்டித் தடத்துக்குப் பச்சை வண்ணம் பூசிக் காய்ந்த மறுநாள் காலை, அதன்மீது லாரிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. நகரமைப்புத் துறையில் சேர்ந்தபின் என் பொறுப்பில் நடந்த முதல் சாலைப்பணி அது. முன்பு மண் ஓரத்தில் சாய்ந்து நின்ற லாரிகளுக்கு, தடம் போடும் சாக்கில் அந்த ஓரத்தைச் சமப்படுத்தியும் கொடுத்திருந்தோம். ஷிப்டுக்கு வந்த பெண்கள் லாரிகளைச் சுற்றிக்கொண்டு, பேருந்துகள் விரையும் நடுச்சாலைக்குச் சைக்கிளைத் திருப்பினார்கள்.

முதல் லாரியின் ஓட்டுநர் விழுப்புரத்துக்காரர். ஏன் இங்கே நிறுத்தினீர்கள் என்று கேட்டதற்கு, கையில் டீயுடன் நிதானமாகப் பதில் சொன்னார்.

"கோடு போட்டு பச்சை அடிச்சிருந்துச்சு மேடம். நம்மளயும் மதிச்சு பார்க்கிங் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன்."

பக்கத்தில் சைக்கிளை நிறுத்திய ஒரு பெண் விடவில்லை. "சைக்கிள் படம் வரைஞ்சிருக்கே, தெரியலையா அண்ணே?"

"அது மேலதாம்மா நிக்கிறேன். எப்படித் தெரியும்?"

அந்தப் பெண் சிரித்துவிட்டார். பெயர் அமுதா. ஊசுடு ஏரிப் பக்கத்திலிருந்து மருந்துக் கம்பெனியின் பேக்கிங் பிரிவுக்கு வருபவர். முழங்கையில் கட்டு இருந்தது. தடம் போடுவதற்குச் சில நாட்கள் முன்பு, இதேபோல் ஒரு லாரியைச் சுற்றும்போது வேன் உரசி விழுந்திருக்கிறார்.

"வூட்டுக்காரர் வேலைய வுடச் சொல்றாரு மேடம். தடம் போடுறாங்களாம், மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்னு கெஞ்சி வெச்சிருக்கேன்." லாரிகளை ஒருமுறை பார்த்தார். "இதான் அந்தத் தடமா?"

2. லாரி எங்கே நிற்கும்?

எங்கள் செயற்பொறியாளருக்கு இது ஒரு சிக்கலாகவே தெரியவில்லை. "ஓரமா வரிசையா போஸ்ட் நட்டுடுவோம். லாரி எப்படி ஏறுதுன்னு பாக்குறேன்."

"எதிர்ப்பக்கம் போயிடும் சார். அங்க பஸ் ஸ்டாப் இருக்கு. நடக்குறவங்க ரோட்டுல எறங்கிடுவாங்க."

"அப்ப லாரிய எங்கம்மா அனுப்பறது, கடலுக்கா?"

கேலியாகக் கேட்டாலும் கேள்வி சரியானதே. நடப்பவர்க்கும் மிதிவண்டிக்கும் முன்னுரிமை என்று எங்கள் கொள்கைக் கோப்பு தெளிவாகச் சொன்னது. அந்த முன்னுரிமைக்காக விலக வேண்டியவர் எங்கே போவார் என்று அதில் ஒரு வரிகூட இல்லை.

ஓட்டுநர்களிடம் விசாரித்ததில் லாரிகள் சாலையில் நிற்கும் காரணம் தெரிந்தது. கேட் பாஸ் தயாராகும்வரை எந்தக் கம்பெனியும் லாரியை உள்ளே விடுவதில்லை. பேட்டையின் கோடியில் கட்டட இடிபாடு கொட்டிக்கிடந்த ஒரு காலி மனை யாருக்கும் ஒதுக்கப்படாமல் இருந்தது. அதைக் காத்திருப்பு இடமாக்கலாம் என்று எழுதினேன்.

மருந்துக் கம்பெனி மேலாளர் மறுத்தார். "கண்ணு முன்னாடி நின்னாதான் கூப்பிட்டதும் வண்டி வரும். லோடு லேட்டானா ஹெட் ஆபீஸுக்கு நீங்களா பதில் சொல்வீங்க?"

"செக்யூரிட்டி போன் பண்ணட்டும் சார். ஒரு வாரம் பாருங்க. லேட்டானா வேற வழி தேட வேண்டியது என் வேலை. ஆனா தடத்தத் திருப்பிக் கேக்காதீங்க."

அவர் அரைமனதாகத்தான் தலையசைத்தார். விழுப்புரத்து ஓட்டுநரோ வேறொன்றைக் கேட்டார். "கக்கூஸு, தண்ணி ரெண்டும் இருக்குமா? இல்லைன்னா நீங்க எத்தினி போர்டு வெச்சாலும் இங்கதான் வருவோம்." நகரில் வேலை முடிந்திருந்த ஓரிடத்திலிருந்து நடமாடும் கழிவறையைச் செயற்பொறியாளரே வரவழைத்தார். குழாயும் போட்டுக்கொடுத்தார். யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை.

3. கம்பங்களுக்கு வந்த வேலை

இடிபாட்டை அகற்றியதும் லாரிகள் மனைக்குப் போயின. லோடும் தாமதமாகவில்லை. ஆனால் ஓரம் காலியானதைக் கண்டதும் டெம்போக்களும் கார்களும் தடத்தில் புகுந்து முந்தத் தொடங்கின. ஓர் ஆபத்தை அகற்றி இன்னொன்றுக்கு வழி திறந்துவிட்டோமோ என்று அன்று மிகவும் கவலைப்பட்டேன். செயற்பொறியாளர் கவலைப்படவில்லை.

"என் போஸ்ட்டுக்கு வேலை வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு சார்."

சைக்கிள் நுழையவும் டெம்போ நுழையாதிருக்கவும் இடைவெளி விட்டுக் கம்பங்களை நட்டோம். எதிர்ப்பக்க நிறுத்தத்துக்கு நேராக, சாலையைக் கடப்பவர்களுக்காகக் குறுக்கே வேகத்தடைபோல் உயர்த்திய மேடையும் வைத்தோம். வண்டிகள் அங்கே தாமாகவே வேகம் குறைத்தன. அதே கம்பங்களை முதல் நாளே நட்டிருந்தால், பேருந்துக்குக் காத்திருந்தவர்கள்தான் அதன் விலையைக் கொடுத்திருப்பார்கள்.

இத்துறைக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். ஒருவருக்குச் சாலையில் இடம் ஒதுக்கும்போது, அங்கே இதுவரை நின்றவரிடம் போய்ப் பேசுங்கள். அவருக்கும் ஓர் இடம் கிடைத்தால்தான் நீங்கள் வரைந்த தடம் காலியாக இருக்கும்.

மாதம் முடிந்த அடுத்த நாள் காலை நான் அந்தச் சாலையில்தான் நின்றிருந்தேன். ஷிப்டு நேரம் நெருங்க நெருங்க, வந்த சைக்கிள்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். அமுதா பச்சைத் தடத்தில் வந்து என் அருகே காலூன்றினார். முழங்கையில் கட்டு இல்லை.

"வீட்டுக்காரர் என்ன சொன்னாரு?" என்றேன்.

"நேத்து அவரே வந்து இந்த ரோட்டப் பாத்துட்டுப் போனாரு மேடம். லைட்டு எப்ப போடுவாங்கன்னு உங்களக் கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"லைட்டா? எதுக்கு?"

"செகண்ட் ஷிப்டுக்கு என்ன லைன் லீடரா போடுறாங்க மேடம். இருட்டுனப்புறம்தானே வூட்டுக்குத் திரும்புவேன்?"

அன்று பிற்பகல் தெருவிளக்குகளுக்கான கோப்பைத் தொடங்கினேன்.