கடைசிச் சீட்டுக்குக் காத்திருந்த அக்கா

சீட்டு நடத்துகிறவர் முதல் ஏலத்துக்கு முன்பே அதைப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். முழுச் சீட்டுத் தொகைக்கும் ஈடாகப் பிணை கட்ட வேண்டும். அவரால் கொடுக்க முடியாமல் போனால் அந்தப் பிணையிலிருந்து சந்தாதாரருக்குப் பணம் போக வேண்டும். இது விதி. முப்பத்து மூன்று ஆண்டுகள் கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் இதைத்தான் முதலில் எழுத வருகிறது. அக்காவின் ஆண்டு நினைவு மலரை விதியோடு தொடங்குவதை உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அக்கா இருந்திருந்தால், "ஆரம்பிச்சுட்டியா?" என்று கேட்டிருப்பார்.

அக்கா பிறந்தது கீழ்பென்னாத்தூரில். எங்கள் அப்பாவுக்கு இருந்த நிலத்தில் மழை பெய்தால் நெல், பெய்யாவிட்டால் மணிலாக்கடலை, அதுவும் இல்லாவிட்டால் கடன். எட்டாம் வகுப்போடு அக்காவின் படிப்பு நின்றது. அதில் மிச்சமான பணத்தில்தான் நான் படித்தேன் என்று சொந்தத்தில் பலர் சொல்வார்கள். அக்கா ஒரு முறையும் சொன்னதில்லை. திருமணமாகித் திருவண்ணாமலைக்கு வந்தார். மாமா ஒரு எண்ணெய் மில்லில் கணக்கு எழுதினார். கோயிலின் பின்பக்கத் தெரு ஒன்றில் கூடமும் அறையும் அடுப்படியுமாகச் சொந்த வீடு. வாசலில் நின்று தலையைத் தூக்கினால் மலை முழுதாகத் தெரியும்.

அக்காவின் சிக்கனம் ஊருக்கே தெரியும். கஞ்சத்தனம் என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களில் பலர் மாதக் கடைசியில் அக்காவிடம் கைமாற்று வாங்கினார்கள். உலையில் போடும் அரிசியிலிருந்து வேளைக்கு ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். மாதக் கடைசியில் அந்தப் பானை ஒரு வாரத்துக்குச் சோறு போடும். புளி மாசியில், மிளகாய் பங்குனியில், மணிலா அறுவடை முடிந்த கையோடு ஊரிலிருந்து மூட்டையாக. செலவுக்கெல்லாம் தனித்தனிப் பவுடர் டப்பா: பால், விளக்குக்கு எண்ணெய், பள்ளிக்கூடம், வைத்தியம். பால் டப்பாவில் காசு தீர்ந்தால் அன்று காப்பி கறுப்பு. பக்கத்து டப்பாவிலிருந்து எடுத்தால் என்ன என்று ஒரு தடவை கேட்டேன். "அது அங்கேர்ந்து இங்க வரும்டா தம்பி. திரும்பிப் போகாது" என்றார். மாநில வரவு செலவுத் திட்டம் தயாரிப்பவர்களுக்கு இந்த வாக்கியத்தை அனுப்பலாம் என்று அப்போது தோன்றியது.

எழுபதுகளின் நடுவில் மாமாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. சென்னை ஆஸ்பத்திரிக்குப் போகவர, மருந்துக்கு, ரத்தத்துக்கு என்று வைத்தியம் டப்பா ஒரே வாரத்தில் காலி. ஊரில் மண்டி வைத்திருந்த ஒருவரிடம் நாலாயிரம் ரூபாய் வாங்கினார்கள். மண்டிக்காரர் அதை அடமானமாக எழுதவில்லை. வீட்டையே கிரயமாக எழுதிக்கொண்டு, ஐந்து ஆண்டுக்குள் அதே நாலாயிரத்தைக் கொடுத்தால் திருப்பி எழுதித் தருவதாகத் தனியே ஓர் ஒப்பந்தம் போட்டார். வட்டிக்குப் பதிலாகக் கூடத்தின் வாடகை அவருக்கு. இந்த மாதிரிப் பத்திரத்தில் கெடு ஒரு நாள் தவறினாலும் வீடு போனதுதான். மாமா பிழைத்திருந்தால் இந்தப் பத்தியை நான் எழுத வேண்டியிருந்திருக்காது. அவர் அந்த ஆடியிலேயே காலமானார்.

அக்கா மகளோடு பின்கட்டில் ஒதுங்கிக்கொண்டார். தையல் மெஷின் வாங்கி ஜாக்கெட்டும் பள்ளிக்கூடத்துச் சீருடையும் தைத்தார். அந்த வருமானத்தில் ஒரு ஏலச்சீட்டில் சேர்ந்தார். நாற்பது பேர், மாதம் நூறு, மொத்தம் நாலாயிரம். வீட்டின் விலையும் சீட்டின் தொகையும் ஒன்றாக இருந்ததை அக்கா நல்ல சகுனம் என்றார்.

சீட்டு நடத்தியவர் எங்களுக்குத் தூரத்து உறவு. பெயரை அச்சிட விரும்பவில்லை. இந்த மலரின் ஒரு பிரதி அவர் மனைவிக்கும் போகிறது. தெருவில் மரியாதையான மனிதர். பௌர்ணமிதோறும் விளக்கு வைக்கும் நேரத்தில் அவர் வீட்டு மொட்டை மாடியில் சீட்டு கூடும். ஒரு பித்தளைத் தட்டில் மலையைப் பார்த்துக் கற்பூரம் ஏற்றுவார். ஒவ்வொருவரும் பணத்தைத் தட்டின் பக்கத்தில் வைத்துவிட்டு மலையைக் கும்பிடுவார்கள். ரசீது கிடையாது. ரசீது கேட்பது மலையைச் சந்தேகிப்பதாகும். பிறகு ஏலம். அவசரத்துக்குப் பணம் வேண்டியவர் எவ்வளவு குறைத்து வாங்கிக்கொள்கிறாரோ, அந்தத் தள்ளுபடியை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்வார்கள். பொறுத்திருந்து கடைசியில் எடுப்பவருக்கு முழுப் பணம். சிக்கனக்காரர்கள் எல்லோருக்கும் கடைசிச் சீட்டின் மேல்தான் கண். அக்கா முதல் மாதமே சொல்லி வைத்துவிட்டார்.

நான் அக்காவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இந்தச் சீட்டு பதிவானதா? அக்கா அதை அப்படியே மாடியில் கேட்டிருக்கிறார். சீட்டுக்காரர் சிரித்தாராம்.

"உன் தம்பி கவர்மென்ட்டு ஆளும்மா. விட்டா அந்த மலைக்கே பட்டா இருக்குதான்னு கேப்பாரு."

மாடி முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்ததாக என்னிடமே சொன்னார். சீட்டுக்காரர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் ஆண்டு பொங்கலுக்கு நான் போயிருந்தபோது அக்கா தைப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"தம்பி, சீட்டுக்கார அண்ணி நேத்து கடையில நூறு மில்லி எண்ணெய் வாங்கினாங்கடா."

"வாங்கினா என்ன?"

"டின்னா வாங்கற வீடு அது. போன மாசம் கால் லிட்டரா வாங்கினாங்க. இப்ப சின்ன பாட்டில எடுத்துக்கினு வந்து நிக்கறாங்க. மளிகைக்காரன் பழைய பாக்கிய கேட்டப்ப காதுலயே வாங்காத மாதிரி மலையைப் பாத்தாங்க."

வேறு யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். ஒரு வீடு எண்ணெயை எப்படி வாங்குகிறது என்பதை வைத்து அந்த வீட்டின் கஜானாவைச் சொல்ல அக்காவால் முடியும். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் ஒன்று சொன்னார். அவர்கள் வீட்டுப் பசு இல்லை. பால்காரருக்குச் செம்பு வைப்பதும் இல்லை. அண்ணியின் கையில் கண்ணாடி வளையல் மட்டும். பௌர்ணமியன்று கூடும் சீட்டு இரண்டு நாள் தள்ளிக் கூடியது. அடுத்த மாதம் நாலு நாள். முன்னால் சீட்டு எடுத்துப் போனவர்களில் பலர் பணம் கட்ட வருவதை நிறுத்தியிருந்தார்கள். அவர்களுடைய பாக்கியைச் சீட்டுக்காரர் தன் வீட்டுச் சாமானை விற்றுக் கட்டிக்கொண்டிருந்தார். இது பின்னால்தான் தெரிந்தது. அப்போது தெரிந்ததெல்லாம் மாடிக்கு வருகிற ஆட்கள் கம்மியாகிக்கொண்டே வந்ததும், கற்பூரம் மட்டும் வழக்கம்போல் எரிந்ததும்தான்.

"இந்த மாசமே ஏலத்துல எடுத்துடு" என்றேன்.

"தள்ளு போக முக்கால்தான் வரும். முக்கால் பணத்துக்கு மண்டிக்காரரு முக்கால் வீட்ட எழுதித் தருவாரா?"

"ஒண்ணுமே வராம போச்சுன்னா?"

"வாய வச்சிக்கினு சும்மா இருடா. இன்னும் நாலே மாசம்."

அக்காவின் கணக்கில் பிழை இல்லை. கெடுவுக்கு ஒன்றரை ஆண்டுக்கும் மேலே இருந்தது. எண்ணெய்ப் பாட்டிலைப் பார்த்தவர் அவர்தான். ஆனால் பொறுத்திருப்பதற்குக் கூலி உண்டு என்றே அவர் வாழ்நாள் முழுவதும் நம்பினார். பிடி அரிசி அப்படித்தான் நிரம்பியது.

கடைசி மாதத்துப் பௌர்ணமியன்று அக்கா நூறு ரூபாயை மடித்து எடுத்துக்கொண்டு போனார். தெருமுனையிலேயே நின்றுவிட்டாராம். சீட்டுக்காரர் வாசலில் கோலம் இல்லை. முந்தைய நாள் கோலத்தை ஆடு மிதித்திருந்தது. கதவில் பூட்டு. எதிர்வீட்டில் கேட்கக்கூட இல்லை, திரும்பி வந்துவிட்டார். அந்த நூறு ரூபாயை எந்த டப்பாவில் போடுவதென்று தெரியாமல் அன்று முழுவதும் கையிலேயே வைத்திருந்ததாக அவர் மகள் சொன்னாள். சீட்டுக்காரர் எங்கே போனார் என்று இன்றுவரை தெரியாது. அண்ணி சில மாதங்கள் கழித்துத் தனியாகத் திரும்பி வந்து அடி அண்ணாமலையில் தன் தம்பி வீட்டில் இருக்கிறார்.

போலீஸ் நிலையத்தில் ஆதாரம் கேட்டார்கள். அக்கா தட்டையும் கற்பூரத்தையும் சொன்னார். "சாட்சி யாரும்மா?" என்றதற்குக் கையை நீட்டி மலையைக் காட்டினார். சாட்சியச் சட்டத்தில் மலைக்கு இடமில்லை.

எனக்குத் தெரிந்த வழியில் நான் இறங்கினேன். பதிவு அலுவலகத்துக்கு அக்காவின் பெயரில் மனு எழுதினேன். கேட்டது ஒன்றே: இந்தச் சீட்டு பதிவானதா, பிணை கட்டப்பட்டதா? பதிவாகியிருந்தால் பணம் வரும், பணம் வந்தால் கெடுவுக்குள் வீடு மீளும். ஆம், இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். பதிவுத் தபாலில் அனுப்பினேன், ஒப்புகை அட்டை வந்தது. ஒரு மாதம் கழித்து நினைவூட்டு. பிறகு நினைவூட்டுக்கு நினைவூட்டு. நேரில் போனேன். கோப்பு வேறு பிரிவில் இருந்தது. அந்தப் பிரிவில், எல்லை மாறியதால் வேறு அலுவலகத்தில் இருந்தது. அங்கே, இன்னும் வந்து சேரவில்லை. ஒரு கோப்பு இப்படி நடக்க ஆரம்பித்தால் அது எங்கே போய் உட்காரும் என்று எனக்குத் தெரியும். அக்காவிடம் அதைச் சொல்லவில்லை.

"மலைகிட்ட கேட்டா ஒரு பல்லியாவது சொல்லும். உங்க ஆபீசுல பல்லிகூட இல்லியா?" என்றார் அக்கா.

கெடு நெருங்கியது. அக்கா ராத்தூக்கத்தைக் குறைத்துத் தைத்தார். நான் கையிலிருந்ததைக் கொடுத்தேன். சேமநல நிதியில் முன்பணம் கேட்கலாம் என்றால், அனுமதிக்கப்பட்ட காரணங்களின் பட்டியலில் உடன்பிறந்தவளின் வீடு இல்லை. எல்லாம் சேர்ந்தும் பாதியைத் தாண்டவில்லை. அந்தப் பாதியை எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போனோம். மண்டிக்காரர் எங்களுக்கு மோர் கொடுத்தார், மரியாதையாகப் பேசினார்.

"உங்க மேல எனக்கு வருத்தமே இல்லம்மா. ஆனா கெடுன்னா கெடுதான். பின்கட்டுல நீங்களே இருங்க. வாடகை பாத்துப் போட்டுக்கலாம்."

பங்குனி கடைசித் தேதியில் கெடு முடிந்தது. சித்திரை முதல் தேதி, அக்கா தன் வீட்டில் குடித்தனக்காரர் ஆனார்.

அக்கா அழுது நான் பார்த்ததில்லை. டப்பாக்களின் வரிசையில் வாடகை என்று ஒன்று கூடியது. முதல் மாத வாடகையைக் கொடுத்துவிட்டு அக்கா நகராமல் நின்றிருக்கிறார். மண்டிக்காரர், "இன்னாம்மா?" என்றார்.

"ரசீது."

"நம்பிக்கை இல்லியா?"

"நம்பிக்கை இருக்குதுங்க. ரசீதும் இருக்கட்டும்."

அந்தச் சிக்கனத்திலேயே மகளைக் கட்டிக்கொடுத்தார். சீட்டில் பணம் போன மற்றவர்கள் சீட்டுக்கார அண்ணியைத் தெருவில் கண்டால் திட்டினார்கள். அக்கா மட்டும் கார்த்திகைத் தீபத்துக்குத் தீபம் ஒரு படி அரிசி கொடுத்தனுப்புவார். ஏன் என்று கேட்டதற்கு, "அந்த எண்ணெய்ப் பாட்டில பாத்தவ நான்" என்றார்.

சென்ற ஆண்டு சளியில் ஆரம்பித்தது மார்பில் தங்கியது. வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதிக்காமல் பஸ்ஸில்தான் போனார். நான் போகும்போதெல்லாம், "பதில் வந்துச்சா?" என்று கேட்பார். வீடு போய் ஆண்டுகள் ஆன பிறகும் கேட்பார். இல்லை என்றதும் பேச்சை மாற்றிவிடுவார். கடைசி வாரம் கேட்கவில்லை. புரட்டாசியில், மலையில் மேகம் இறங்கியிருந்த ஒரு காலைப் பொழுதில், பின்கட்டில் உயிர் பிரிந்தது.

இரவும் பகலும் உடனிருந்த எதிர்வீட்டாருக்கும், பணம் வாங்காமல் வந்து ஊசி போட்ட மருத்துவருக்கும், இறுதி ஊர்வலத்துக்குக் கூடத்தின் கதவைத் திறந்துவிட்ட மண்டிக்காரருக்கும், அடி அண்ணாமலையிலிருந்து நடந்தே வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்று அழுதுவிட்டுப் போன அண்ணிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது. மேற்படி அலுவலகத்துக்கும் நன்றி சொல்ல எண்ணியிருந்தேன். எதற்கென்று தெரியாததால் விட்டுவிட்டேன்.

இதுவரை எழுதி அச்சகத்தில் கொடுத்தாயிற்று. மெய்ப்புத் திருத்தப் போனபோது இன்னும் ஒரு பத்தி சேர்க்க வேண்டியதாயிற்று. அக்காவின் பெயருக்குப் பழைய முகவரியில் வந்த தபாலை மண்டிக்காரர் ஆள் மூலம் எனக்கு அனுப்பியிருந்தார். பதிவு அலுவலகத்தின் கடிதம் அது: மேற்படி சீட்டு முறைப்படி பதிவு செய்யப்பட்டதே. முதல் ஏலத்துக்கு முன்பே நடத்துநர் கட்டிய பிணைத்தொகை ரூபாய் நாலாயிரம் இவ்வலுவலகத்தில் அப்படியே உள்ளது. சந்தாதாரர் நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாம். பதில் வந்து சேர்ந்தது இந்த ஆவணி மாதம் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை.