கச்சேரியில் என்ன வாத்தியம்?

மொழிபெயர்ப்பாளன் வேலையில் வாய் மட்டும்தான் நம்முடையது, பேச்சு முழுக்க அடுத்தவருடையது. வீட்டுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களை வாசித்துச் சொல்லியே களைத்துப்போன சக பாவிகளே, உங்களுக்கு இது புரியும். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் கனடாவின் மொன்றியல் டவுன்டவுனில், அகதி விசாரணைகளில் தமிழுக்கும் பிரெஞ்சுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தேன். மன்னாரில் மனைவி பிள்ளைகளை விட்டுவிட்டு வந்த சவிரிமுத்து அண்ணையை அங்கேதான் சந்தித்தேன்.

எந்த மாதத்துச் சனம்?

விசாரணைக்கு முன் அவருடைய லோயர் அம்மா, மன்னார் மாவட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லச் சொன்னார். அண்ணை போர்த்துக்கேயரில் தொடங்கி, ஒல்லாந்தரைக் கடந்து, இங்கிலீசுக்காரன் மாவட்டம் பிரித்து ஆண்ட காலத்தில் வந்து இளைப்பாறினார். லோயர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, "அந்தக் காலத்தில் சனத்தொகை எவ்வளவாம்?" என்றார்.

வெள்ளைக்காரன் முத்துக்குளிப்பு நடத்தும்போது வெறும் மணற்கரை பட்டணமாகிவிடுமாம். முடிந்ததும் காக்காய் குருவி இருக்காதாம். அதனால் அண்ணைக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "முத்துக்குளிக்கிற மாசத்துச் சனமோ தம்பி, மற்ற மாசத்துச் சனமோ?"

வாத்தியக்காரர் மகன்

விசாரணை நாளில்தான் வினை. அண்ணையின் வாக்குமூலத்தைப் பிரெஞ்சில் எழுதியவர் ஒரு சென்னைக்காரர். 'அப்பாவுக்குக் கச்சேரியில் வேலை' என்றதும் மனிதர் அப்பாவைப் பாட்டுக் கச்சேரிக்கு அனுப்பிவிட்டார். "அரசாங்கக் கிளாக்கர் என்று இப்போது சொல்கிறீர்கள். எழுத்தில் இசைக்கலைஞர் என்றிருக்கிறதே. என்ன வாத்தியம் வாசித்தார்?" என்றார் விசாரணை அதிகாரி.

இப்படி ஒரு முரண்பாடு போதும், எல்லாமே பொய் என்று ஊருக்கு அனுப்பிவிட. விளக்கம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. கேள்வியை அப்படியே தமிழில் கேட்டேன். அண்ணை என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு அதிகாரியிடம் திரும்பினார். "ஐயா, கச்சேரி எண்டால் வெள்ளைக்காரன் மாவட்டத்தை ஆளுறதுக்கு வைச்ச கந்தோர். இப்பவும் நாங்கள் அப்பிடித்தான் சொல்லுறது. அங்க பாட்டும் இல்லை, கூத்தும் இல்லை. சனம் போய் அழும், அரசாங்க ஏசண்டர் இருந்து கேப்பார்."

நல்ல தமிழ்

நான் அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னதும் அதிகாரி சிரித்துவிட்டார். இடைவேளைக்குப் பிறகு வந்து முடிவைச் சொன்னார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதற்கு ஏற்ற தமிழில், நிமிர்ந்து உட்கார்ந்து அறிவித்தேன்: "தங்களது ஏதிலி நிலைக் கோரிக்கை ஏற்புடையதெனத் தீர்மானிக்கப்பட்டுள்ளது."

அண்ணையின் முகம் கறுத்தது. "தம்பி, அதைத் தமிழிலை சொல்லுமன். நான் நிக்கலாமோ, போகோணுமோ?"

"நிக்கலாம் அண்ணை" என்றேன். அவர் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு எழுந்தார். பிறகு சொன்னார்: "அப்ப மனிசியையும் பிள்ளையளையும் கூப்பிடலாம்."

இரண்டு மொழி தெரிந்தால் போதும் என்றுதான் என்னை இந்த வேலைக்கு எடுத்தார்கள், ஆனால் குறைந்தது மூன்று தமிழாவது வேண்டியிருக்கிறது.