கம்பவுண்டு வெளியாகிவிட்டது

என் அக்கா வெள்ளைத் துணி துவைத்துப் பிழைப்பவள். பாகான் டாலாமில், ஆற்றுப் பக்கம் பார்த்த கடைசி வரிசையில் அவள் வீடு இருக்கிறது. காசு போட்டால் துவைத்து உலர்த்தித் தரும் இயந்திரக் கடைகள் சுற்றிலும் வந்த பிறகு, கலர்த் துணிகளெல்லாம் அங்கே போய்விட்டன. வெள்ளை மட்டும் அக்காவிடம் தங்கியது. ஒரு தனியார் கிளினிக்கின் தாதியர் சீருடைகளும் டாக்டர்களின் கோட்டுகளும் வாராவாரம் அவளிடம் வந்தன. வெயிலில் காய்ந்த வெள்ளைக்குத் தனி வெளிச்சம் உண்டு என்று அங்குள்ள தலைமைத் தாதி சொல்வாராம். அந்தக் கிளினிக் துணிதான் அக்காவின் தொழில்; அது போனால் தொழில் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னர் நடந்த பேச்சுவார்த்தைகளில் இந்த ஒன்றுதான் யாருடைய நினைவிலும் இருக்கவில்லை.

ஆற்றுக்கு அக்கரையில் பிறை என்ற ஊர். அங்கே பழைய இரும்பை உருக்கும் ஆலை ஒன்று இருக்கிறது. இரும்பு உருகும்போது மேலே கசடு மிதக்கும். அதை வழித்து, ஆறவைத்துக் கொட்டுவார்கள். ஆலையின் கம்பவுண்டுக்குள், கிடங்குகளுக்குப் பின்னால், அந்தக் கசடு கூரையில்லாமல் ஒரு குன்றாகக் கிடந்தது. அள்ளி லாரியில் ஏற்றும்போது அதன் நுண்தூள் கிளம்பும். காற்று எங்கள் பக்கம் திரும்பும் மாதங்களில் அது ஆற்றைத் தாண்டி வந்து அக்காவின் கொடியில் உட்காரும். தட்டினால் போகாது, தேய்த்தால் நூலுக்குள் இறங்கும்.

நான் சட்டம் படித்தவள். கடலுக்கு அந்தப் பக்கமுள்ள தீவில், ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடியில் குடியிருக்கிறேன். ஜார்ஜ்டவுனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வீட்டு விற்பனைப் பத்திரங்கள் தயாரிக்கிறேன். சுற்றுச்சூழல் சட்டம் என் அன்றாட வேலை அன்று. ஆயினும் அக்காவுக்காக எடுத்துப் படித்தேன். இத்தகைய குவியலை மூடி வைக்க வேண்டும், இல்லையேல் ஈரமாக வைத்திருக்க வேண்டும். விதி தெளிவாக இருந்தது. விதி தெளிவாக இருந்தால் பாதி வேலை முடிந்துவிட்டது என்று நம்பும் அளவுக்கு நான் படித்திருந்தேன்.

சிக்கல் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அத்தான், அதாவது அக்காவின் கணவர், அதே ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. குவியலிலிருந்து கசடை அள்ளி லாரியில் கொட்டும் ஷவல் வண்டியை ஓட்டுபவரே அவர்தான்.

"உங்க அத்தான் வர்றதுக்கு முன்னாடியே அவரோட வேல வீட்டுக்கு வந்துருதுலா," என்று அக்கா சிரிப்பாள். அப்போது சிரிக்க முடிந்தது.

புகார் கொடுக்கலாம் என்று நான் சொன்ன ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தானிடம் கேட்டேன்:

"தண்ணி அடிச்சா தூசி பறக்காது தானே அத்தான்?"

"அடிப்பாங்கலா. ஆபிசருங்க வர்ற அன்னிக்குப் பாக்கணுமே! தைப்பூசத்துக்கு ரோட்ட கழுவி வுட்ட மாதிரி இருக்கும்."

"மத்த நாளு?"

"ஈரமா ஏத்துனா எடை கூடிரும். ரோட்டுல நிறுத்தி எடை போட்டா ஓவர்லோடு. காசு கட்டச் சொல்லி சமன் யாருக்கு வரும்? லாரிக்காரனுக்கு. அதனால காஞ்சத மட்டும் ஏத்துன்னு ஆர்டர்."

"கொறச்சு ஏத்தலாமே?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "லாயரம்மா, இன்னொரு நட லாரி ஓடுனா அந்தக் காசு ஒங்க ஆபிஸ் குடுக்குமா?"

ஒரு விதியைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு இன்னொரு விதியை மிதிக்கும் அந்த ஏற்பாட்டின் நேர்த்தியை அன்றே நான் புரிந்துகொண்டேன். ஆனால் ஆலையை மூடிவிடுவார்களோ என்று அத்தான் பயந்ததையும் எண்ணிப் பார்த்தேன். ஆலைக்குப் பூட்டுப் போட்டால் முதலில் வெளியேறுவது முதலாளி அல்லர். ஒப்பந்தத் தொழிலாளர்களும், நேப்பாளத்திலிருந்து வந்து உலைக்கு முன்னால் நிற்கும் இளைஞர்களும்தான். ஆகவே ஆலையை மூடுமாறு நாங்கள் கேட்கவில்லை. உற்பத்தியைக் குறைக்கும்படியும் கேட்கவில்லை. குவியலை அங்கிருந்து எடுங்கள், இல்லாவிட்டால் கூரை போடுங்கள் என்று மட்டும் எழுதினோம். அவ்வளவு அளந்து, அவ்வளவு நியாயமாகக் கேட்டோம் என்பதை நினைக்கும்போதுதான் இன்று எனக்குக் கோபம் அதிகமாகிறது.

சுற்றுச்சூழல் துறையிலிருந்து ஓர் இளம் மலாய் அதிகாரி வந்தார். பண்பானவர். காலணியை வாசலில் கழற்றினார், தேநீரை மறுக்காமல் குடித்தார், பின்கட்டுக்கு வந்து கொடிக் கம்பியில் விரலை ஓட்டி, கறுத்த விரல்நுனியைப் படம் எடுத்துக்கொண்டார். அக்கா கடைத்தெருவில் பழகிய தன் பாசார் மலாயில் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "என்சே, சம்பா பெசி பீலா கெலுவார் கம்பவுண்ட்?" அந்த இரும்புக் குப்பை எப்போது கம்பவுண்டை விட்டு வெளியேறும் என்று பொருள்.

"நந்தி, காக். கீத்தா தெங்கோ டுலு," என்றார் அவர். பொறுங்கள் அக்கா, பார்க்கிறோம்.

அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த வாரங்களில் அக்கா வெள்ளைத் துணிகளை வீட்டுக்குள் உலர்த்தினாள். கூடத்தின் குறுக்கே கயிறு கட்டி, இரண்டு மின்விசிறிகளை ஓடவிட்டு, அவளும் அத்தானும் ஈரக் கோட்டுகளுக்குக் கீழே குனிந்து நடந்தார்கள். துணியில் அடைத்த வீட்டின் வாடை ஏறியது. கிளினிக்கிலிருந்து ஒரு தடவை முணுமுணுப்பு வந்தது. அக்கா மேலும் கொஞ்சம் நீலம் போட்டு அலசிச் சமாளித்தாள். வாரத்துக்கு ஒரு முறை அதிகாரியிடம் தொலைபேசியில் அதே கேள்வியைக் கேட்டாள்.

ஒரு நாள் காலை, அத்தான் வேலைக்குப் போன பிறகு, பதில் கிடைத்தது: "கம்பவுண்ட் சூடா கெலுவார், காக்." சொல்லுக்குச் சொல், கம்பவுண்டு வெளியாகிவிட்டது அக்கா.

அக்கா உடனே என்னை அழைத்தாள். "ஏய், போயிருச்சாம்டி! கம்பவுண்ட வுட்டு வெளிய போயிருச்சாம்! ஆபிசரே சொன்னாரு." அவள் குரலில் அப்படியொரு துள்ளலை நான் பல மாதங்களாகக் கேட்டதில்லை. நானும் மகிழ்ந்தேன். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரியிடம் சட்டம் வேலை செய்கிறது பார் என்று பெருமையாகச் சொன்னேன்.

அக்கா அன்று காலையிலேயே கிளினிக்கின் ஒரு வாரத் துணி முழுவதையும் பின்கட்டில் காயப்போட்டாள். நல்ல வெயில். ஆற்றிலிருந்து காற்றும் நன்றாக வீசியது.

மாலையில் அத்தான் வீடு திரும்பியபோது அவள் கொடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாளாம். மேலே வரிசையாகச் சாம்பல் நிறக் கோட்டுகள்.

"எடுத்துட்டாங்கன்னு யாருலா ஒனக்குச் சொன்னா?" என்று கேட்டிருக்கிறார். "இன்னிக்கு முழுக்க நான்தான் ஏத்திக்கிட்டு இருந்தேன்."

மறுநாள் அதிகாரியை நான் அழைத்தேன். அவர் பொய் சொல்லவில்லை. 'கம்பவுண்ட்' வெளியாகியிருந்தது, ஆலை அதைக் கட்டியும்விட்டது. அவர் சொன்னது அபராதத்தை. சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு அதுதான் பொருள்: குற்றம் செய்தவர் ஒரு தொகையைக் கட்டினால், அந்தக் குற்றத்துக்காக அவரை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது. நாங்களோ எந்த அபராதத்தையும் 'சமன்' என்றுதான் சொல்லிப் பழகியவர்கள். எங்கள் வாயில் கம்பவுண்டு என்றால் வேலிக்குள் இருக்கும் இடம். அக்கா கேட்டது இடத்தைப் பற்றி. அவர் சொன்னது பணத்தைப் பற்றி. இருவரும் ஒரே சொல்லை, ஒரே மொழியில், ஒருவருக்கொருவர் மரியாதையோடு பேசியிருக்கிறார்கள்.

"அப்படியானால் குவியல்?" என்று கேட்டேன்.

"அது வேறு விஷயம், மிஸ். இந்தப் புகார் முடிந்துவிட்டது," என்றார் மலாயில். குரலில் எரிச்சல்கூட இல்லை.

அக்காவின் தவற்றைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. என் அலுவலகத்தில் ஒருவர் இதை மதிய உணவு நேரத்துக்கான வேடிக்கைக் கதையாகவே வைத்துக்கொண்டார். எனக்கு இதில் வேடிக்கை தெரியவில்லை. தவறாகப் புரிந்துகொண்டவள் என் அக்கா அல்லள். ஒரு குப்பைக் குவியலைப் பற்றிப் புகார் வந்தால், அதற்குத் தீர்வு அந்தக் குவியல் அங்கிருந்து போவதுதான் என்று அவள் எடுத்துக்கொண்டாள். சட்டத்தின் நோக்கத்தை இதைவிடச் சரியாக எந்த நீதிபதியும் வாசிக்க முடியாது. தூசி விழுந்தபடி இருக்கும், யாராவது புகார் செய்தால் ஆலை கட்டணம் கட்டும், புகார் முடியும், மறுபடி தூசி விழும். இதற்குப் பெயர் கட்டுப்பாடு அன்று. கோட்டுகளைக் கறுப்பாக்குவதற்கான வாடகை. அந்த வாடகையும் கறுத்த கோட்டுக்குச் சொந்தக்காரிக்கு வந்து சேர்வதில்லை.

கிளினிக் துணி நின்றது. தலைமைத் தாதி நேரில் வந்து வருத்தம் தெரிவித்துவிட்டு, மிச்சமிருந்த மூட்டையைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

அடுத்து வந்தவர் ஆலையின் ஆள். தமிழர், பணியாளர் நலப் பிரிவில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டார். அந்த மாலை நானும் அங்கே இருந்தேன். பெரிய பிஸ்கட் டின் ஒன்றை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, நீங்க நம்ம ஆளு. அண்ணனும் நம்ம கம்பெனி. நமக்குள்ள எதுக்கு டிபார்ட்மென்ட்டு, லெட்டரு எல்லாம்? எங்க வொர்க்கர்ஸ் யூனிபார்ம் பூரா ஒங்களுக்கே தர்றோம். மாசா மாசம் நிரந்தர வேல."

"என்ன கலரு தம்பி?" என்று அக்கா கேட்டாள்.

"டார்க் ப்ளூ. நல்ல அழுத்தமான நீலம்க்கா. தூசி விழுந்தாலும் தெரியாது!"

உதவி செய்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது. பிறகு ஒரு தாளை எடுத்து நீட்டினார். அக்காவுக்கு இனி எந்தக் குறையும் இல்லை, மேற்கொண்டு புகார் செய்யப்போவதும் இல்லை என்று அதில் தட்டச்சு செய்திருந்தது.

அவர் போனதும் நான் வெடித்தேன். இது லஞ்சம் என்றேன். மேல்முறையீடு, தனிப்பட்ட வழக்கு, இழப்பீடு என்று எனக்குத் தெரிந்த வழிகளையெல்லாம் அடுக்கினேன். அக்கா கொஞ்ச நேரம் கேட்டாள்.

"சரிடி. ஒன் கேஸு முடியிற வரைக்கும் நான் எதத் தொவைக்கிறது? ஒன் சட்டத்த எந்தக் கொடியில காயப்போடுறது?"

அத்தான் தாளை எடுத்து, தள்ளிப் பிடித்துப் படித்தார். அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதை அவர் வாயால் சொல்லவில்லை.

"சைன் பண்ணிருலா," என்றார் மெதுவாக. "நீலமோ வெள்ளையோ, துணி துணிதானே."

"அவன் என்ன சொன்னான், கவனிச்சீங்களா?" என்றாள் அக்கா. "தூசி விழாதுன்னு சொல்லல. விழுந்தா தெரியாதுன்னு சொல்றான்."

"அதுக்கு?"

"தெரியாம விழறது எங்க போகும்? துணி போட்டுக்கிறவன் மேல போகும். என் மூக்குக்குள்ள போகும். ஒங்களுக்கு ஏற்கனவே போய்க்கிட்டுதான் இருக்கு. காலையில வாஷ்பேசின்ல நீங்க துப்புறத கழுவுறது யாரு?"

அத்தான் தாளை மேசையில் வைத்தார். அதன் பிறகு அவர் வாதாடவில்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. தொலைக்காட்சியைப் போட்டார்.

அக்கா கையெழுத்துப் போடவில்லை. நீலத் துணி வரவும் இல்லை. இப்போது அவளிடம் வருவது சாப்பாட்டுக் கடை ஒன்றின் மேசை விரிப்புகள் மட்டும். அவை குறைவு, அவற்றையும் கூடத்துக்குள்தான் காயப்போடுகிறாள். அவள் செய்தது சரியா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. வேறொரு கேள்வியைத்தான் திருப்பிக் கேட்கிறேன்: ஒரு பெரிய ஆலை விதியைக் கடைப்பிடிப்பதற்கும் கடைப்பிடிக்காததற்கும் நடுவே, ஒரு டோபிக்காரியின் பிழைப்பைத் தடுப்புச் சுவராக நிறுத்தியது யார்? விதியை எழுதியவர்களா, கட்டணம் வாங்கியவர்களா, கட்டணத்தை முன்கூட்டியே செலவுக் கணக்கில் சேர்த்துக்கொண்டவர்களா?

போன வாரம் அக்கா என்னிடம், "அந்தச் சொல்லு இல்லாம மலாய்ல எப்படிச் சொல்றது?" என்று கேட்டாள்.

"எந்தச் சொல்லு?"

"அதான், அந்தக் கம்பவுண்டு. அது இல்லாம, அந்தக் குவியல அங்கேருந்து தூக்குன்னு சொல்லணும். அவங்க வேற மாதிரி எடுத்துக்கவே முடியாத மாதிரி."

சொல்லிக் கொடுத்தேன். ஒரே சொல்தான். இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, என் முன்னாலேயே அதிகாரியை அழைத்தாள். அவர் எடுத்தார். நலம் விசாரித்தார். புதுப் புகார் என்றால் மறுபடி ஆய்வு நடக்கும், தேவைப்பட்டால் மறுபடியும் கம்பவுண்ட் வெளியாகும் என்று அவர் விளக்குவது எனக்கும் கேட்டது.

"திடா, என்சே," என்றாள் அக்கா. இல்லை ஐயா. "புக்கான் பாயார். அங்காட்." பணம் கட்டுவது அன்று. தூக்குவது.

அக்கா காத்திருந்தாள். கூடத்தில் அத்தான் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். 'அங்காட்' என்பது நாள் முழுக்க வாக்கி டாக்கியில் அவருக்கு வரும் கட்டளை.

"அங்காட், என்சே," என்றாள் அவள், இன்னும் கொஞ்சம் உரக்க.