கைமாத்து

எங்கள் வீட்டில் கைமாத்து என்றால் பக்கத்து வீட்டில் வாங்கிவரும் ஒரு சுண்டு சீனி. நான் வேலை செய்த கைபேசிக் கம்பனியில் அது வேறு. பேசிக்கொண்டே போகிறவருடைய அழைப்பை ஒரு கோபுரம் அடுத்த கோபுரத்திடம் ஒப்படைப்பதற்கு நாங்கள் வைத்த பெயர் அது. "சீனியோ, தேங்காயோ?" என்று மனைவி பகிடி பண்ணுவாள்.

அவள் குடாவுக்கு அக்கரையில், மூதூரை அடுத்த கட்டைபறிச்சானில் ஆசிரியை. திருகோணமலை லிங்கநகரிலிருந்து தினமும் மூதூர் போட்டில் போய்வருவாள். திரும்பும்போது போட் ஏறியதும் எனக்கு ஒரு ரிங் கட் தருவாள். ஒருமுறை அடித்ததும் வைத்துவிடுவாள், நான் எடுக்கக் கூடாது. அந்தக் காலத்தில் அதைவிட இனிமையான சத்தம் எனக்கு இருக்கவில்லை.

குடாவின் நடுவில் மூதூர்க் கோபுரம் விட, திருகோணமலைக் கோபுரம் பிடிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இடமில்லையென்றால் கதை பாதியில் அறுந்துவிடும். போட்டில் வருகிறவர்கள் என்னைப் பேசாத பேச்சில்லை. பொறுக்க ஏலாமல் ஒருநாள், எங்கள் கோபுரத்தில் வழிக்கு ஓர் அழைப்பாகக் குடாவைப் பார்த்திருந்த பதினாலு பேச்சு வழிகளில் நாலை ஒதுக்கினேன். கைமாறி வரும் அழைப்புகளுக்கு மட்டும்தான் அவை. புதிதாக அடிப்பவருக்கு இல்லை. பெரிய மூளைக்காரன் என்று எனக்கு நினைப்பு.

சமாதானம் முறிந்த பிறகு ஒரு மத்தியானம் அக்கரையில் சம்பூர்ப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியது. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் போன் அடித்தது. மிச்சப் பத்து வழியும் நிரம்பிவிட்டன. ரிங் கட் வரவில்லை. நான் அடித்தாலும் போகவில்லை; வருவதும் போவதும் புதிய அழைப்புத்தானே. என் மடத்தனத்தை நானே திட்டினேன். நாலு வழியையும் திறந்துவிட்டால் அவள் அடிப்பது வந்து சேரலாம். ஆனால் அவையும் நொடியில் நிரம்பி, கடலில் பேசிக்கொண்டு வருகிறவர்களின் கதை அறுந்துபோகும். அவள் மட்டும் போதும் என்று நினைத்தேன், அதை மறைக்க மாட்டேன். நாலையும் திறக்கும் கட்டளையைத் தட்டிக்கொண்டிருந்தபோது மேசையிலிருந்த வயர் போன் அடித்தது.

"சேர், உங்கட மிஸிஸ் போட்டில வாறாவாம்," என்றார் முன்பின் தெரியாத ஒருவர். டவுனில் கடை வைத்திருப்பவராம். "மூதூர்ல இருந்து எங்கட உம்மா என்னோட பேசிட்டே வாறா. இன்னும் கட் பண்ணல்ல. போட்டில உள்ளவங்க எல்லாம் அந்தப் போனைக் கைமாத்திக் கைமாத்தி நம்பர் சொல்றாங்க. நான் கடை வயர் போன்ல ஒவ்வொருத்தருக்கா அடிச்சுச் சொல்றன்."

தட்டியதை அழித்தேன். பிறகு இறங்குதுறைக்கு ஓடினேன்.

"எத்தினை தரம் அடிச்சனான். உங்கட நெற்வேர்க்குக்கு நெருப்பு வைக்க," என்றாள் மனைவி, இறங்கியதும் இறங்காததுமாக.

அடைத்தது நான்தான் என்றேன். நாலு வழியின் கதையையும் சொன்னேன்.

"அந்த உம்மாட கோலும் அதாலயோ அறாமல் வந்தது?"

"ஓம்."

"இப்ப அதை எடுத்துப்போட்டீங்களோ?"

"எடுக்க வெளிக்கிட்டனான். எடுக்கேல்லை."

"எடுக்காதேங்கோ," என்றாள், கடலைத் திரும்பிப் பார்த்தபடி. "பின்னால இன்னும் ரெண்டு போட் வருது."