கேசரி அண்ணாச்சி

அவர் தென்காசியில் தையல் டீச்சர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் அவரைப் பெண் பார்க்கப் போய், கேசரியை வழித்துத் தின்றுவிட்டு, அவர் காதில் விழும்படியே தரகரிடம், "கொஞ்சம் மெலியட்டும், பொறவு பாப்போம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். என் தொந்தியும் சிறியதல்ல.

அடுத்த சாரல் பருவத்தில், குற்றாலத்தில் செண்பகாதேவி அருவிக்கு ஏறும் பாதையில் அவரைக் கண்டேன். சேலையை இழுத்துச் செருகியிருந்தார். ஒரு பெரிய கல்லைத் தலைக்கு மேல் பலமுறை தூக்கி இறக்கினார். பிறகு மேட்டில் வேகமாக ஓடினார், மூச்சு அடங்கும்வரை நடந்தார், மறுபடி ஓடினார். திரும்பி வந்து மீண்டும் கல்லைத் தூக்கினார். நன்றாக இளைத்திருந்தார்; தோள்கள் உரமேறியிருந்தன. எனக்காகத்தான் என்று மனம் குளிர்ந்துபோனேன்.

மேடேறி அவரிடம் போய், "இவ்வளவு கஷ்டம் எதுக்கு? எனக்குச் சம்மதந்தான்" என்றேன், இரைக்க இரைக்க.

அவருக்கு அடையாளம் தெரியச் சற்று நேரமாயிற்று.

"அட, கேசரி அண்ணாச்சியா! மிஷின் மிதிக்கவே மூச்சு வாங்குச்சு. வேலை போயிருமோன்னு பயந்துல்லா ஒடம்பக் குறைச்சேன். ஒங்களுக்கு இப்படி இரைக்குதே, இந்தக் கல்லுல உக்காருங்க."

உட்கார்ந்தேன். அவர் ஓடி வளைவில் மறைந்தார். எழுந்து அந்தக் கல்லைத் தூக்கிப் பார்த்தேன். முழங்காலைத் தாண்டவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று அன்று ஆறுதல் அடைந்தேன். இன்று அதற்கும் சேர்த்து வெட்கப்படுகிறேன்.