சோக் குமிழ்

மேசை இழுப்பறையில், என் நாட்குறிப்புகளுக்குப் பக்கத்தில், ஒரு கறுப்புக் குமிழ் இருக்கிறது. கட்டைவிரல் பருமன்; முகப்பில் ஒரு கீறல். எழுபதுகளில் நான் வேலை செய்த பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், நிர்வாகியான பெரிய துரையின் பழைய பெட்ரோல் ஜீப்பில் இருந்தது. குளிர்ந்த காலையில் என்ஜின் கிளம்ப அதை இழுத்துப் பிடிப்பார்கள். சோக் என்பார்கள்.

பெட்ரோல் கிடைப்பது அரிதாகிவிட்ட வருடம், கவிழ்ந்துபோன ஒரு லொறியின் டீசல் என்ஜினை அந்த ஜீப்பில் பொருத்தச் சொன்னார் துரை. பொறுப்பு, ஒர்க்‌ஷாப் தலைவரான பெரிய பாஸுக்கு, வேலை எனக்கு. அவர் பண்டாரவளையில் பெட்ரோல் கார்களை மட்டும் பார்த்துப் பழகியவர். நான் மொனராகலையில் இரண்டு வருடம் லொறி பழுதுபார்த்துவிட்டு, தோட்டத்து மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவன். வேலையைச் செய்து முடிப்பவனை ஒர்க்‌ஷாப்பில் நிரந்தரமாக்குவதாகத் துரை சொல்லியிருந்தார். என்ஜினும் கியர் பெட்டியும் ஒன்றோடொன்று சேரவில்லை. இடையில் வைக்க ஓர் இரும்புத் தகட்டைப் பதினொரு நாள் அரத்தால் ராவினேன். பாரம் கூடியதால் முன் ஸ்பிரிங் வில்லுக்கு இன்னும் ஓர் இரும்பு இலை சேர்த்தேன். பாஸ் நாற்காலியில் இருந்து வெற்றிலை மென்றார். பழைய டீசல் என்ஜின் சாவியைத் திருப்பினால் நிற்காது. எண்ணெயை அடைத்தால்தான் நிற்கும். அதனால் வேலையற்றுப்போன சோக் குமிழின் கம்பியை, எண்ணெயை அடைக்கும் நெம்புகோலில் கட்டினேன்; குமிழை இழுத்தால் என்ஜின் நிற்கும்.

வண்டியை ஒப்படைப்பதற்கு முந்தைய நாள் பாஸ் என்னைக் கூப்பிட்டார். “நாளையிலேருந்து நீ மலைக்குப் போ. நானும் என் மச்சானுந்தான் செஞ்சோம்னு தொரைகிட்ட சொல்லிட்டேன்.” மச்சான் அந்த ஜீப்பைத் தொட்டதே இல்லை. பிறகு பாஸின் கண் குமிழில் விழுந்தது. “டீசலுக்கு எதுக்குடா சோக்கு? மட்டிப் பயலே, கழட்டி வீசு!”

“சரிங்க பாஸ்.”

கம்பியோடு கழற்றினேன். வீசவில்லை. அன்றைய நாட்குறிப்பில் ஒரே வரி: பாஸ் சொன்னபடி செய்தேன்.

காலையில், பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் நின்றோம். பாஸ் ஒரு சுற்று ஓட்டி, துரையின் முன் நிறுத்திச் சாவியைத் திருப்பினார். என்ஜின் ஓடியது. சாவியை உருவினார். ஓடியது. பானெட்டைத் திறந்து பற்றரிக் கம்பியைப் பிடுங்கினார். அப்போதும் ஓடியது.

“பாஸு, வண்டிக்கு ஒங்கள விட்டுப் பிரிய மனசு வரலீங்களா?” என்றாள் கொழுந்துக்காரி ஒருத்தி. களமே சிரித்தது. மச்சான் மெல்ல வரிசைக்குப் பின்னால் போய்விட்டார். மேல் கியரில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளட்ச்சை விட்டிருந்தால் அடங்கியிருக்கும். பதற்றத்தில் அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, நின்ற இடத்திலேயே நின்றேன்.

“என்ன பாஸ், டேங்க் காலியாகிற வரைக்கும் இப்பிடியேதானா?” என்றார் துரை.

“டேய், இங்க வாடா” என்றார் பாஸ் என்னைப் பார்த்து. நான் அசையவில்லை. “தம்பி, வாப்பா.” அசையவில்லை. “கொஞ்சம் வாங்க தம்பி.”

போனேன். “இது யாரு செஞ்ச வேலைங்க, பாஸ்?” என்று பெரட்டு முழுவதும் கேட்கும்படி கேட்டேன்.

“நீங்க செஞ்சதுதாங்க.”

அதன் பிறகுதான் பானெட்டுக்குள் கைவிட்டு, நெம்புகோலை ஒரு விரலால் இழுத்தேன். என்ஜின் அடங்கியது.

துரை அன்றே என்னை ஒர்க்‌ஷாப்பில் நிரந்தரமாக்கினார். மறுநாள் வண்டிக்கு வேறு குமிழ் பொருத்தினேன். பாஸ் ஓய்வு பெறும்வரை ஏழு வருடம், அவர் பக்கத்தில் இருக்க ஜீப்பை நிறுத்தும்போதெல்லாம் “இழுக்கட்டுங்களா, பாஸ்?” என்று கேட்டேன். ஒரு முறையும் தவறவில்லை. போதுமே என்பாள் என் மனைவி. எனக்குப் போதவில்லை.

இப்போது பதுளையில் நான் ஓட்டும் டீசல் வேன் சாவியைத் திருப்பியதும் அடங்கிவிடுகிறது. அந்த ஜீப்பும் அப்படி அடங்கியிருந்தால் நான் மலையிலேயே இருந்திருப்பேன். போன வாரம் பாஸ் இறந்த செய்தி வந்தது. குமிழை எடுத்துக்கொண்டு சன்னல் வரை போனேன். வீசச் சொன்னவர் அவர் என்பது நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து, இருந்த இடத்திலேயே வைத்து இழுப்பறையை மூடினேன்.