சைக்கிள் மாதிரி ஒரு சாமான்

"அது சைக்கிள் இல்லடி, சைக்கிள் மாதிரி செஞ்சு வச்ச சாமான்! எடு கையை!"

ஸ்பானர் அக்கா இதைச் சொன்னது வீட்டுக்குள் இல்லை. டிபார்ட்மென்ட் ஸ்டோரின் மூன்றாவது மாடியில், பொம்மைகளுக்கும் பெட்டிகளுக்கும் நடுவே சைக்கிள்கள் வரிசையாக நிற்கிற இடத்தில், வாங்க வந்த சனங்களின் காதில் விழும்படி சொன்னாள். அந்தக் கடையில் சம்பளம் வாங்குகிறவள் அவள். அந்தச் சைக்கிள்களை மாட்டி நிறுத்துகிறவளும் அவளேதான்.

எதிரில் நின்றவள் அவளுடைய நாத்தனார். ஊதா நிறச் சைக்கிள் ஒன்றின் கைப்பிடியை, கல்யாணமாகி ஒரு வாரம் ஆனவள் புருஷன் கையைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தாள்.

"ஏன் அண்ணி இப்படிக் கத்தறீங்க? விலை கம்மியா இருக்கு, வாங்கறேன்."

"விலை ஏன் கம்மின்னு கேட்டியா?"

"கூடுதலா இருந்தாதானே கேக்கணும்? கம்மியா இருந்தா எடுத்துட்டு ஓடணும்."

பக்கத்தில் குழந்தைக்குச் சைக்கிள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு லிஃப்ட் பக்கம் நடந்தார்கள். அதை மேனேஜரும் பார்த்துவிட்டார்.

அவர் அக்காவைப் பெட்டி அடுக்குகளுக்குப் பின்னால் கூப்பிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் அக்காவும் பதிலுக்குக் கத்தியிருப்பாள், விஷயம் அத்தோடு முடிந்திருக்கும்.

"அக்கா, நீங்க சொன்னது பொய்யின்னு நான் சொல்லல. என் பொண்ணுக்கு நானே இங்க வாங்கல, போதுமா? ஆனா இன்னொரு தடவை இப்படிப் பேசினீங்கன்னா உங்களை வீட்டுக்கு அனுப்பணும். அனுப்பலேன்னா என்னை அனுப்பிடுவாங்க."

"அப்ப ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கிட்டு நிக்கணும்."

"அதுக்குத்தானேக்கா சம்பளம்."

ஸ்பானர் அக்காவுக்கு அந்தப் பெயர் அந்தக் கடை கொடுத்தது. புருஷன் லாரி ஓட்டினவர். நல்ல மனுஷன்தான், ஆனால் சேர்த்து வைக்கத் தெரியாது. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டில் பாதி இருக்கும்போதே சாய்ந்துவிட்டார். பெண்டாட்டிக்கு என்று அவர் விட்டுப் போன சொத்து ஒரே ஒரு தங்கை. அந்தத் தங்கையும் கட்டினவனோடு ஒத்துவராமல், ஒரு தகரப் பெட்டியும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியுமாக அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தவள். இரண்டு அறை, ஒரு அடுப்பு, இரண்டு பொம்பளைகள். குழாயடியில் யார் முதலில் நிற்பது என்பதில் தொடங்கி விளக்கை யார் அணைப்பது என்பது வரைக்கும் சண்டைதான். ஆனால் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் தூங்க மாட்டாள். தூங்காமல் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருப்பாள்.

அக்கா கடைக்கு வந்தது தரை துடைக்க. ஒரு நாள் ஆடிக்கொண்டிருந்த அலமாரித் தட்டு ஒன்றை, தேங்காய் கீறுகிற கத்தி முனையால் திருகி நேராக்கினாள். மேனேஜர் பார்த்தார். சைக்கிள் மாட்டுகிறவன் அந்த மாதம்தான் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோயிருந்தான். "நீங்களே மாட்டுங்களேன்" என்று கையில் ஸ்பானரைக் கொடுத்தார். துடைப்பத்தைவிட அது கனமாக இருந்தது, சம்பளம் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, அவள் ஒத்துக்கொண்டாள்.

சைக்கிள் அட்டைப் பெட்டியில் முக்கால்வாசி மாட்டியபடி வரும். முன்சக்கரம், ஹேண்டில்பார், சீட்டு, பெடல் இவ்வளவுதான் இங்கே மாட்ட வேண்டியது. இடப்பக்கத்துப் பெடலின் மரை தலைகீழாக ஓடும், அதை எதிர்ப்பக்கம் திருக வேண்டும். பண்டிகை விற்பனை சமயத்தில் உதவிக்கு வருகிற ஆட்கள் அது தெரியாமல் வலப்பக்கத்துப் பெடலை இடப்பக்கத்தில் வைத்து மூச்சைப் பிடித்துத் திருகுவார்கள். போகாது. இன்னும் அழுத்துவார்கள். மெத்தென்ற அந்த இரும்பு மரை நொறுங்கி இடம் கொடுத்துவிடும். பார்க்க மாட்டியது போலவே இருக்கும். வாங்கிப் போனவன் வீதியில் போகும்போது காலோடு பெடலும் கழன்று வரும்.

அக்கா அப்படிச் செய்கிறவள் இல்லை. ஒவ்வொரு நட்டையும் முடுக்கிவிட்டு, அதன்மேல் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுப்பாள். பாதிக் கோடு நட்டின்மேல், பாதி இரும்பின்மேல். நட்டு அசைந்தால் கோடு பிரிந்துவிடும். அந்த நெயில் பாலிஷ் நாத்தனாருடையது. வாரக்கணக்கில் திருட்டுப்போய், ஒரு நாள் அக்காவின் கைப்பையிலிருந்து பாட்டில் பிடிபட்டது.

"இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு அண்ணி நகப்பூச்சு?"

"எனக்கில்லடி. சைக்கிளுக்கு."

"என் விரலுக்கு வாங்கினதை நட்டுக்குப் போடறீங்களா! நட்டைப் பாக்க எவன் வரப்போறான்?"

"உன் விரலைப் பாக்க எவன் வந்தான்?"

இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. ஆனால் நாத்தனாருக்கு அன்றைக்கே ஒரு விஷயம் மனதில் பதிந்துவிட்டது. சிவப்புக் கோடு இருந்தால் அது அண்ணி கை வேலை.

அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. தெரு முனையிலிருந்து இறங்குகிற பெரிய சரிவின் அடியில் இருக்கிறது அந்தக் கூடம். விடிகாலையில் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். நடந்து போனால் கால் வீங்குகிறது, நேரமும் போகிறது. மேஸ்திரி இரண்டு முறை பார்த்தார், மூன்றாவது முறை சொல்லிவிட்டார். "நேரத்துக்கு வர முடிஞ்சா வா. இல்லேன்னா வர்றவங்க நிறையப் பேர் இருக்காங்க." அவள் சம்பளமும் அண்ணி சம்பளமும் சேர்ந்தால்தான் வாடகை. ஒன்று போனால் மற்றது வாடகைக்கும் காணாது, வயிற்றுக்கும் காணாது.

"நல்ல சைக்கிள் கடையில வாங்கித் தரேன், ஆறு மாசம் பொறு" என்றாள் அக்கா.

"மேஸ்திரிகிட்ட நீங்களே வந்து ஆறு மாசம் கேளுங்க."

மூன்றாவது மாடியில் கத்தினது அதற்கு மறுநாள்தான்.

கத்தி என்ன பயன்? அக்காவின் வாராந்திர லீவு நாள் பார்த்து நாத்தனார் போய் வாங்கிவிட்டாள். வீட்டுப் படியெல்லாம் இடித்துக்கொண்டு மேலே தூக்கி வந்து, மூச்சிரைக்க நின்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"வரிசையில தேடி எடுத்தேன் அண்ணி. எல்லா நட்டுலயும் சிவப்பு இருக்கு, பாத்துக்கோங்க. நீங்க மாட்டினது."

அக்கா குனிந்து கோடுகளைப் பார்த்தாள். வேறு எவனாவது மாட்டினதாக இருந்தால், கழற்றிச் சரிசெய்து விடலாம் என்று ஒரு வழியாவது இருந்திருக்கும். இதில் அவள் செய்ய வேண்டியதெல்லாம் ஏற்கெனவே செய்து முடித்தாயிற்று.

இருந்தாலும் சாயங்காலம் முழுக்க அடுப்படித் தரையில் பழைய பேப்பர் விரித்து உட்கார்ந்து பார்த்தாள். நட்டு எல்லாம் இறுக்கம். ஆனால் பிரேக் பிடியை அழுத்தினால் பிடி ஈர அட்டை போல வளைகிறது. சக்கரத்தின் ரிம் கண்ணாடி போலப் பளபளக்கிற இரும்பு. வெயிலில் பிரேக் பிடிக்கும், நனைந்தால் வழுக்கும். பிரேக் கட்டை ரப்பரா, வேறு ஏதாவதா என்று அதைச் செய்தவனுக்கே தெரியாது. கம்பியை இழுத்துக் கட்டினாள். இன்னும் இழுத்தாள். இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும் என்று கை சொன்னது, விட்டாள்.

"இங்க பாரு. மழை பெஞ்சா இறங்கித் தள்ளிக்கிட்டுப் போகணும்."

"சரி அண்ணி."

"சரின்னு சொல்லாத. எனக்கு உன் சரியைத் தெரியும்."

"நீங்க முடுக்கினது அண்ணி. என்ன ஆயிடப்போகுது?"

அந்த வார்த்தைதான் அக்காவைத் தூங்கவிடாத வார்த்தை.

உள்ளதைச் சொல்ல வேண்டும். கொஞ்ச நாள் நாத்தனார் மிகவும் சந்தோஷமாக இருந்தாள். எல்லாருக்கும் முன்னால் போய் நின்றாள். மேஸ்திரியே "என்னம்மா, சலவைக்கூடத்துலயே படுத்துக்கறியா?" என்று கேட்டாராம். அதை வீட்டில் வந்து நாலு முறை சொன்னாள். அக்கா அடுப்படி ஜன்னலில் நின்று, அந்த ஊதாச் சைக்கிள் தெரு முனையில் திரும்பி மறைகிற வரைக்கும் பார்ப்பாள். பார்த்துவிட்டு வானத்தைப் பார்ப்பாள்.

ஒரு நாள் நாத்தனார் கிளம்பும்போது வானம் காய்ந்துதான் இருந்தது. அவள் முனை திரும்பி மறைந்ததும் ஜன்னல் கம்பியில் சொட்டு விழுந்தது. அடுத்து ஒரேயடியாகக் கொட்டியது. அக்கா அடுப்பை அணைத்தாள். செருப்பை மாட்டினாள். மாட்டிக்கொண்டு எங்கே போவது? இந்நேரம் அவள் சரிவில் இருப்பாள். ஓட்டுகிறவள் போனை எடுக்க மாட்டாள், சலவைக்கூடத்திலோ அதை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஓடினாலும் சைக்கிளைப் பிடிக்க முடியாது, கத்தினாலும் சரிவுக்குக் கேட்காது. செருப்பு போட்ட காலோடு அடுப்படியில் நின்றாள். அவ்வளவுதான் அவளால் செய்ய முடிந்தது.

கடைக்குப் போன பிறகு போன் வந்தது.

"அண்ணி, பதறாதீங்க."

பதறாதே என்று தொடங்குகிற பேச்சைக் கேட்டுப் பதறாதவர் உண்டா?

"உசுரோட இருக்கியாடி?"

"செத்தா எப்படிப் போன் பண்ணுவேன்? கைல மாவுக்கட்டு. முன்பல்லு ரெண்டு இல்ல. துணி மூட்டை வண்டியிலதான் போய் இடிச்சேன். நல்ல வேளை, அழுக்கு மூட்டை. துவைச்ச துணியா இருந்திருந்தா மேஸ்திரி என்னைக் கொன்னிருப்பார்."

"இறங்கித் தள்ளச் சொன்னேனே!"

"தள்ளினா லேட்டாகும் அண்ணி."

அக்கா சாயங்காலம் ஆஸ்பத்திரிச் சுவரோரம் சாத்தியிருந்த சைக்கிளைப் போய்ப் பார்த்தாள். குனிந்து ஒவ்வொரு நட்டாகப் பார்த்தாள். சிவப்புக் கோடு எதுவும் பிரியவில்லை. அவள் முடுக்கினதெல்லாம் முடுக்கினபடி இருந்தது. பிரேக் பிடி மட்டும் கைப்பிடியோடு ஒட்டி, மடிந்த கரண்டி போலக் கிடந்தது.

நாத்தனாரையும் சைக்கிளையும் கூட்டிக்கொண்டு கடையின் கீழ்த்தளத்தில் இருக்கிற ரிட்டர்ன் கவுன்டருக்குப் போனாள். அங்கே இருந்த பெண் நல்லவள், அக்காவுக்குத் தெரிந்தவள். கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"என்ன கம்ப்ளெயின்ட்னு போடட்டும் அக்கா?"

"பிரேக் நிக்கல. இரும்பு சரியில்லன்னு போடு."

"இரும்பு சரியில்லன்னு இதுல இல்லையே. பிரேக்னா ஒண்ணுதான் வருது, மாட்டினவங்க தப்புன்னு."

"மாட்டினதுல தப்பில்ல. கோட்டைப் பாரு."

"எனக்குத் தெரியுதுக்கா, இதுக்குத் தெரியலையே." அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்தாள். "மாட்டினது நீங்கதான்னு காட்டுது. ஆளுக்கு அடிபட்டிருக்கறதால மேல போகும். போட்டா பணம் திரும்பக் கிடைக்கும். ஆனா உங்களை வேலையில வச்சுக்க மாட்டாங்க."

அக்கா வாயைத் திறந்தாள். ஊரையே திட்டுகிற வாய் அது. ஆனால் இந்தப் பெண்ணைத் திட்டி என்ன, மேனேஜரைத் திட்டி என்ன, பெட்டியில் சாமானை அடைத்து அனுப்புகிறவன் எந்தத் தேசத்தில் இருக்கிறானோ!

மாவுக்கட்டைக் கவுன்டர்மேல் டொக்கென்று வைத்தாள் நாத்தனார்.

"ஒண்ணும் போடாதீங்க. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. நானாத்தான் விழுந்தேன்."

"ஏய்! உனக்கா ஓட்டத் தெரியாது? சின்னப் பொண்ணா இருக்கறப்பவே கையை விட்டுட்டு ஓட்டுவேன்னு எத்தனை தடவை பீத்தியிருக்க!"

"சும்மா இருங்க அண்ணி. வீட்டுக்கு வர்ற ரெண்டு சம்பளத்துல ஒண்ணு ஏற்கெனவே மாவுக்கட்டுல கிடக்கு. மத்ததையும் உடைக்கணுமா?"

பல் இல்லாத இடத்தில் காற்று வந்ததால் அவள் சொன்னது பாதி சீட்டியாகக் கேட்டது. அக்காவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பினார்கள். வழியில் நல்ல சைக்கிள்கள் விற்கிற கடை இருந்தது. அக்கா உள்ளே தள்ளினாள். கடைக்காரர் தூரத்திலிருந்தே கையை ஆட்டினார்.

"இதெல்லாம் தொடறதில்லம்மா. ஒரு நட்டைக் கழட்டினா நாலு உடையும்."

"ரிம்மையாவது மாத்துங்களேன்."

"நல்ல சக்கரம் ரெண்டு போட்டா, இது மாதிரி இன்னொரு சைக்கிள் வாங்கற காசு ஆகும். பிரேக் பிடி வேணா வேற போட்டுத் தரேன், அதுக்குக் காசு வேணாம். மழையில அதே கதைதான்."

"அப்ப என்னதான் பண்றது?"

"மழையில ஓட்டாதீங்க."

"மழை என்ன எங்களைக் கேட்டுக்கிட்டா வருது?"

அவர் பழசில் கிடந்த பிடி ஒன்றை எடுத்து மாட்டினார். அவர் மாட்டுகிற நேரத்தில் அக்கா கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மணிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து அடித்துப் பார்த்தாள். பித்தளை மணி ஒன்று கடைக்கு வெளியே நின்ற நாயைத் துள்ள வைத்தது. அதை எடுத்தாள்.

"எதுக்கு அண்ணி இது?" என்றாள் நாத்தனார்.

"நிறுத்தத்தான் முடியாது. தள்ளிப் போங்கன்னு சொல்லவாவது சொல்லு."

மாவுக்கட்டு பிரித்த பிறகு மேஸ்திரி வரச் சொன்னார். நேரத்துக்கு வரவும் சொன்னார். நாத்தனார் கிளம்பிய முதல் நாளே தூறல். அக்கா மணியின் நட்டில் சிவப்புக் கோடு இழுத்து, காயும் வரைக்கும் ஊதிவிட்டு, கைப்பிடியை விட்டாள். இறங்கித் தள்ளு என்று சொல்லவில்லை. சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று இருவருக்கும் தெரியும்.

ஊதாச் சைக்கிள் முனையில் திரும்பியது. அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மணிச் சத்தம் கேட்டது, விடாமல் கேட்டது, சரிவில் இறங்க இறங்கச் சின்னதாகிக்கொண்டே போய், கடைசியில் மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியது.

அந்த மணியின் விலை அக்காவின் அரை நாள் சம்பளம்.